ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும்!

குளச்சலில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு கல்ஃபிலிருந்துதான் பணம் வரும். என் பெரியம்மா மகனும் அங்கே ஒரு பெயின்ட் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். போன மாதம் அவருக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள்.

"தின்னர் ரூம்ல ஒரு டிரம் கசிஞ்சு கெடந்துது மக்கா. அதுக்குள்ள போற வண்டி ரிப்பேரு. சாதா வண்டிய எடுன்னு சொன்னாவ. நான் எடுக்கல" என்றார் போனில்.

வீட்டுக் கடன் கட்டும் பெரியம்மாவுக்கு வருத்தம். "எல்லாம் வண்டிதானே?" என்றார்.

இல்லை. தின்னர், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். ஃபோர்க்லிஃப்ட்டின் மோட்டாரும் சைலன்சரும் இருப்பது தரைக்குப் பக்கத்தில்தான். சுவிட்சில் ஒரு பொறி, இரும்புக் கை சிமென்ட்டில் உரசும் ஒரு பொறி போதும். அதனால்தான் அங்கே 'ஃப்ளேம்ப்ரூஃப்' வண்டி மட்டும் போக வேண்டும். அதில் பொறி வந்தாலும் வெளியில் இருக்கும் ஆவியைப் பற்றவைக்காது.

2009 அக்டோபர் 29. ஜெய்ப்பூர் சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில் பெட்ரோல் கசிந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆவி பரவி, வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். ஃப்ளேம்ப்ரூஃப் இல்லாத மின்கருவியோ, ஸ்டார்ட் செய்த ஒரு வண்டியோ காரணமாக இருக்கலாம் என்றது விசாரணைக் குழு.

இதைச் சொன்னதும் பெரியம்மா சம்பளப் பேச்சை விட்டுவிட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் குடோனில் வேலை செய்கிறாரா? அடுத்த போனில் இரண்டே கேள்வி கேளுங்கள். கெமிக்கல் ரூமுக்குத் தனி வண்டி இருக்கிறதா? கசிவைப் பார்த்தால் வேலையை நிறுத்த விடுவார்களா? நிறுத்தினதால் சம்பளம் குறைந்தால், வீட்டில் யாரும் திட்ட மாட்டோம் என்றும் சொல்லிவிடுங்கள்.