பாயும் பெட்டியும் பந்தும்

கையால் செய்யும் வேலை ஒன்று, கருத்தால் செய்யும் வேலை வேறொன்று எனப் பிரித்துப் பேசுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். கல்லூரியிற் கணிதம் கற்பிப்பவனுக்குக் கதிரை. முற்றத்திற் பாய் இழைப்பவளுக்குத் தரை. இப்பிரிவினை எத்துணை மெல்லியது என்பதைச் சென்ற வாணி விழாவை ஒட்டி நான் கற்றுக்கொண்ட ஒரு சிறு வேலை எனக்குக் காட்டிற்று. காகிதத்தை மடித்துப் பந்து செய்வதே அவ்வேலை.

விழா மண்டபத்துக்குப் பிளாஸ்திக் தோரணம் வாங்குவதில்லை என்று எங்கள் மாணவர் தீர்மானித்தனர். அவர்களுள் ஒருத்தி, காகிதத்தால் ஆன பந்து ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தாள். நட்சத்திரம்போல் எப்பக்கமும் கூர்முனைகள். பசை இல்லை, நூல் இல்லை, ஊசியும் இல்லை. “முப்பது துண்டு, சேர். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிக்குது” என்றாள். அன்று பிற்பகலே அவளிடம் பாடம் கேட்க உட்கார்ந்தேன்.

இத்தகைய பந்துகளுக்கு ஜப்பானில் ‘குசுதாமா’ என்று பெயர். மருந்துருண்டை என்பது அதன் பொருள். நறுமணப் பொருள்களையும் மூலிகைகளையும் உருண்டையாகக் கட்டி, நோய் அணுகாதிருக்க வீட்டிலே தொங்கவிடும் பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. நாங்கள் செய்தது, மிட்சுனோபு சொனோபே என்னும் ஜப்பானியரின் பெயரால் வழங்கும் மடிப்பு. சதுரத் தாளின் நடுக்கோட்டைக் கண்டு, இரு ஓரங்களை அதனோடு பொருந்த மடித்து, எதிரெதிர் மூலைகளைச் சரித்துச் செருகினால் ஓர் இணைகரம் கிடைக்கும். அதன் இரு நுனிகளையும் மடக்கினால் நடுவில் ஒரு சதுரமும், இருபுறமும் இரண்டு செருகு நுனிகளும், நுனி புகுதற்கு இரண்டு பைகளும் அமையும். ஒன்றன் நுனி மற்றொன்றன் பைக்குள் புகும். மூன்று துண்டுகள் கூடினால் ஒரு சிறு கூம்பகம் எழும்.

எல்லாத் துண்டுகளும் ஒரே கைவாகாக இருத்தல் வேண்டும். ஒரு மாணவன் மடித்த துண்டு எங்குமே பொருந்தவில்லை. அளவிற் பிழையில்லை, மடிப்பும் நேர்த்தியானதே. ஆனால் வலப்புறம் சரியவேண்டிய மூலை இடப்புறம் சரிந்திருந்தது. கண்ணாடியிலே தெரியும் உருவம்போல அது மற்றவற்றுக்கு எதிராக நின்றது. ஆடித்தெறிப்பு என்று கரும்பலகையிற் பலமுறை எழுதியதை அன்றுதான் என் மாணவர் விரல்நுனியால் அறிந்தனர்.

காகித மடிப்பிற் கணிதம் காண்பது நமக்குப் புதிய செய்தியன்று. சுந்தரராவ் என்னும் அறிஞர், காகித மடிப்பால் வடிவகணிதம் பயிலும் நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதி 1893இல் சென்னையில் வெளியிட்டார். புரோபலின் பாலர் கல்வி முறையிலே குழந்தைகளுக்கு வழங்கும் காகித மடிப்புப் பயிற்சியே அவருக்குத் தூண்டுகோலாயிற்று. ஜெர்மனியக் கணித மேதை பீலிக்ஸ் கிளைன் அதனை எடுத்துக் காட்டினார். 1901இல் அது அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும் பதிப்பிக்கப்பெற்றது. சென்னையில் பிறந்த அந்நூலை நம் வகுப்பறைகளில் எத்தனை பேர் அறிவர்?

ஆறு துண்டுகளை இணைத்தால் ஒரு சதுரமுகி அமையும். அங்கே ஒரு புள்ளியைச் சுற்றி மூன்று கூம்பகங்கள். பன்னிரண்டு துண்டுகளாயின் நான்கு கூம்பகங்கள். முப்பது துண்டுகளாயின் ஐந்து. ஆறு கூம்பகங்களை ஒரு புள்ளியிற் சேர்த்தாலோ பந்து உருவாகாது. அவை தளமாகப் படுத்துவிடும். இதனை மேசைமீது செய்து காட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டில் என் தாயார் சொல்லக் கேட்ட சொற்கள் என் நினைவில் எழுந்தன.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி, நாவற்குழி வழியே தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். எனக்கு அப்போது வயது 13. கையில் ஒன்றும் இல்லாத அந்நாள்களில் என் தாயார் சார்வோலை வார்ந்து பெட்டியும் கடகமும் இழைத்தார். அவற்றை விற்ற காசில் எனக்குக் கொப்பியும் விளக்குக்கு மண்ணெண்ணெயும் வந்தன. நானும் அருகிருந்து ஓலையைத் தொட்டால் அவர் கையைத் தட்டிவிடுவார். “தம்பி, உனக்கேன் இது? நீ போய்ப் படி” என்பார். பன்னவேலை என்பது அவருக்கு வறுமையின் அடையாளம். அது தம்மோடு முடிந்துபோக வேண்டும் என்பதே அவர் விருப்பம். நான் படித்தேன். எங்கள் வீட்டில் அந்த வேலை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

முப்பது துண்டுப் பந்தை வீட்டுக்குக் கொண்டுசென்று அவர் கையிற் கொடுத்தேன். பார்வை மங்கிய அவர், கூர்முனைகளைக் கண்ணாற் பாராமல் விரலால் எண்ணினார். பிறகு, “இதுக்கு அஞ்சு. கடகத்துக்கு மூண்டு” என்றார். விளக்கம் கேட்டேன். “நாலு கண் சேர்ந்தாப் பாய். மூலையிலை மூண்டு கண் சேர்ந்தாப் பெட்டி எழும்பும்” என்றார். கண் என்பது ஓலைகள் குறுக்கிட்டு அமையும் சிறு சதுரம். நான்கு செங்கோணங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி நின்றால் 360 பாகை நிரம்பிப் பாய் விரியும். ஒன்று குறைந்து 270 ஆனால் ஓலை வேறு வழியின்றி எழுந்து மூலையாகும்.

பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 17ஆம் நூற்றாண்டில் கண்ட உண்மை இதுவே. சதுரமுகிக்கு மூலைகள் எட்டு, ஒவ்வொன்றிலும் குறைவது 90 பாகை, மொத்தம் 720. எங்கள் காகிதப் பந்துக்கு அடியாக உள்ள இருபதுமுகிக்கு மூலைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் குறைவது 60 பாகை. மொத்தம் அதே 720. நான்முகியையும் எண்முகியையும் மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்த்தனர், அங்கும் 720. போலியோ போன்ற பல வைரசுகளின் உறையும் இந்த இருபதுமுகி ஒழுங்கிலேயே அமைந்துள்ளது.

என் தாயாருக்குப் பாகைமானி தெரியாது. 720 என்ற எண்ணும் தெரியாது. ஆனால் தளம் எவ்விடத்தில் எழும் என்பதை ஒவ்வொரு கடகத்தின் நான்கு மூலையிலும் அவர் தவறாது செய்து காட்டியிருக்கிறார். அந்த அறிவு என் கொப்பிக்கு விலையாயிற்று. ஆயினும் என் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. நம் குடாநாட்டில் எத்தனை தாய்மார் இப்படிப் பிள்ளையைக் கல்விக்கு அனுப்பிவிட்டுத் தம் கல்வியைத் தம்முடனேயே வைத்துக்கொண்டனர்!

விழா முடிந்த மறு வாரம் என் தாயாரை வகுப்புக்கு அழைத்தேன். முதலில் மறுத்தார். “பள்ளிக்கூடத்திலை நான் என்ன சொல்லுறது?” என்றார். நான்கு மாணவர் வீட்டுக்கே வந்து கேட்டபின் இணங்கினார். ஒரு பாடவேளை முழுதும் மூலை எழுப்பும் முறையைக் கற்பித்தார். ஓலை வாரக் கற்றவர் ஐவர். மூலை எழுப்பக் கற்றவர் இருவர். இரண்டு பேர் என்பது சிறு தொகையே. ஆயினும் அதுவரை எங்கள் வீட்டுக் கணக்கில் அது பூச்சியமாக இருந்தது.

2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திற் பள்ளித் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன என்பது வாசகருக்கு நினைவிருக்கும். புதிய தாளை இதற்கென வாங்குதல் வேண்டாம். பழைய நாட்காட்டித் தாளும் எழுதி முடிந்த வினாத்தாளும் போதும். அவற்றைச் சதுரமாக வெட்டி ஆறு துண்டு மடியுங்கள். பிள்ளைகளையும் உடன் இருத்துங்கள். மடித்து முடிந்தபின், வீட்டில் எங்கேனும் ஒரு பழைய கடகம் இருக்குமாயின் அதன் மூலையைத் தடவிக் கண்களை எண்ணிப் பாருங்கள். அதை இழைத்தவர் இன்னும் இருப்பாராயின், எப்படி மூலை எழுப்பினார் என்று அவரிடமே கேளுங்கள்.