பாறை என் பொறுப்பு

பங்காருபேட்டையில் எங்கள் மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களில் பலர் தினமும் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறு மட்டும்தான் எங்கள் பாத்திரமேற்றுக் கதை ஆட்டம். அவர்களுடைய தாத்தாக்கள் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அதனால் டிராகனையும் மாயக்கோட்டையையும் விட்டுவிட்டு 1930-ஆம் ஆண்டின் கோலார் தங்கவயலைக் களமாக வைத்தேன். கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஆண்டு அது.

கேம் மாஸ்டராகிய நான் உலகத்தைச் சொல்கிறேன். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக இருந்து, தான் என்ன செய்கிறார் என்று சொல்கிறார். விளைவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட காலத்திலிருந்தே, கதை யாருடையது என்ற வழக்கு இந்தக் கலையில் ஓயவில்லை. வின்சென்ட் பேக்கர் 2010-இல் கொண்டுவந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு, கதையை முன்கூட்டியே திட்டமிடாதே என்று கேம் மாஸ்டருக்கு விதியே போட்டது.

நான் அந்தப் பக்கம்தான். ஆனால் உலகத்தை இளக்கிவிடுவது சுதந்திரம் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 2001-இல் தங்கவயல் மூடப்படுவதற்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் அது திடீரென்று வெடிப்பதைத்தான் ராக்பர்ஸ்ட் என்கிறார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் ஒன்றுதான், மேலே வர வேறு அவசர வழி கிடையாது என்று சொல்லிவிட்டால், ஆட்டக்காரர் கெஞ்சினாலும் நான் புதுவழி திறப்பதில்லை. பாறை இறுகி நின்றால்தான் அவர் எடுக்கும் முடிவுக்கு எடை இருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் உண்மையிலிருந்து விலகுகிறேன். நிஜத்தில் ராக்பர்ஸ்ட் சொல்லிக்கொண்டு வரவேண்டும் என்பதில்லை. மேசையில் கட்டாயம் சொல்லிக்கொண்டு வரும். முட்டுக்கொடுத்த மரம் முனகும், சுவரிலிருந்து சில்லு தெறிக்கும், மூத்த மேஸ்திரி பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுவார். அதற்கப்புறமும் உள்ளே நடப்பேன் என்றால் அது அவர் எடுத்த முடிவு. எதுவும் தெரியாமல் செத்தால் அது நான் எடுத்த முடிவு. செய்தியை ஒளித்து வைக்கும் கேம் மாஸ்டர், எத்தனை கதவுகளைத் திறந்துவிட்டாலும், ஆட்டக்காரரைக் கட்டிப்போட்டவர்தான்.

வரலாறு தெரிந்த கதையில் என்ன சுதந்திரம் என்று கேட்கிறார்கள். பதினெட்டாம் போர் கூத்தில் துரியோதனன் விழப்போவது தெரியாதவர் யார்? விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோமே, அவன் எப்படி விழுகிறான் என்பதற்காகத்தானே? வேலைநிறுத்தம் வரும். அது என் கையில். லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் என் ஆட்டக்காரர்களின் ஐந்து பாத்திரங்கள் அதை எப்படிக் கடக்கிறார்கள் என்பது என் கையில் இல்லை.

ஒரு ஞாயிறன்று அது சோதனைக்கு வந்தது. எல்லாரும் வேலைக்குப் போவதில்லை என்று முடிவுகட்டிய நேரத்தில் ஒரு தம்பி, "அண்ணே, நான் ரேகை வெச்சிடுறேன். கொழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி கம்பெனியோடது" என்றான். மற்றவர்கள் கொதித்தார்கள். "உங்க தாத்தா வெச்சிருப்பாரா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவனைத் திருத்த வேண்டும் என்று.

இந்த இடத்தில் கேம் மாஸ்டருக்கு வரும் ஆசை பெரியது. பகடையை உருட்டி அவனைத் தண்டிக்கலாம். ஒரு கங்காணியை அனுப்பி அவமானப்படுத்தலாம். குழந்தையைச் சாகடித்து நீதி சொல்லலாம். அதெல்லாம் என் கருத்தை அவன் தலையில் கட்டுவது. நான் கேட்டது ஒரு கேள்விதான்: "ஆபீசுக்கு எந்த வழியா போற? லைன் வழியாவா, சுத்திக்கிட்டா?"

அவன் யோசித்து, "லைன் வழியாத்தான்" என்றான். யார் யார் வாசலில் நிற்கிறார்கள் என்று சொன்னேன். அங்கே நின்றவர்களில் நான்கு பேர் அதே மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள். அவனை மறிப்பதா, பேசுவதா, விடுவதா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள். அன்று பகடை உருளவே இல்லை. மாலை முழுக்க அவர்கள் பேசினார்கள். நான் குழாயடி வரிசையையும் ஷிப்ட் சங்கின் நேரத்தையும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.