விருந்தோம்பலும் இதயநலமும்

மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது நம்மை முதலில் வரவேற்பது டிகாக்‌ஷன் மணம்தான். “ஒரு வாய் காப்பியாவது சாப்பிடுங்கள், ஃபாதர்” என்ற அன்பை மறுத்தால் வீட்டாரின் முகம் வாடிவிடும். ஒரு மாலையில் ஐந்து இல்லங்கள் என்றால் ஐந்து டம்ளர் காப்பி. அவற்றுடன் முறுக்கு, மைசூர்பாகு. ஆனால், மாரடைப்பால் இறந்த குடும்பத் தலைவர்களை நாம் அடக்கம் செய்யும்போது, அவர்களுள் ஐம்பதைத் தாண்டாதவர்களைக் காணும்போது, அன்போடு பரிமாறப்படும் உணவைப் பற்றியும் சிந்திக்கத் தோன்றுகிறது.

இந்நகரிலேயே நடந்த ஓர் ஆய்வு நம் கண்களைத் திறக்கவல்லது. மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1990களின் பிற்பகுதியில், நடுத்தர வருவாயினர் வாழும் திருமங்கலம் ஏசியாட் காலனியையும், குறைந்த வருவாயினர் வாழும் தியாகராய நகர் பாரதி நகரையும் தேர்ந்து, இருபது வயதைக் கடந்தோரைச் சோதித்தனர். 2001இல் வெளியான முடிவுகளின்படி, சோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. இதயநோய்க்கு வழிகோலும் நீரிழிவு, ஏசியாட் காலனியில் 12.4 விழுக்காடு, பாரதி நகரில் 6.5 மட்டுமே. பத்தாண்டுகள் கழித்து மீண்டும் கணக்கெடுத்தபோது முன்னது 15.4, பின்னது 15.3! வசதி இன்னும் வந்து சேராத வீடுகளிலும் வசதியின் நோய் வந்து சேர்ந்துவிட்டது.

ஏழையின் தட்டில் கம்பும் கேழ்வரகும் குறைந்து, தீட்டிய வெள்ளை அரிசி நிறைந்தது. அரிசிச் சோறே மிகும்போது இரத்தத்தில் டிரைகிளிசரைடு உயர்கிறது. நன்மை தரும் எச்.டி.எல். குறைகிறது. மலிவாகக் கிடைக்கும் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது ஐந்தில் ஒரு பங்கு அளவே. ‘கொலஸ்ட்ரால் அற்றது’ என எண்ணெய்ப் புட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை. நம் கல்லீரலே அதை உற்பத்தி செய்கிறது. நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது இரத்தத்தில் தீய கொலஸ்ட்ரால் மிகுகிறது.

ஆகவே, பழமையானது என்பதாலேயே ஓர் உணவு இதயத்திற்கு நன்மை தரும் என எண்ணுவது பொருந்தாது. நெய்யும் பழமையானதே, அதில் பாதிக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்புதான். காப்பிக்கொட்டையில் காஃபெஸ்டால் என்னும் எண்ணெய்ப்பொருள் உண்டு. அது தீய கொலஸ்ட்ராலை உயர்த்தும் என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் தெளிவுபடுத்தினர். காகித வடிகட்டி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நம் பித்தளை ஃபில்டரின் துளைகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. காப்பியைத் துறக்க வேண்டியதில்லை. ஐந்து டம்ளரை இரண்டாக்கினால் போதும்.

எனினும் நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் சிறிதன்று. கொண்டைக்கடலை, வெந்தயம், கீரை ஆகியவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து, குடலில் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. அவற்றை மீண்டும் உருவாக்க, கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. ஆனால் வெந்தயமும் பூண்டும் உண்பதால் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று கூறுவோரைக் காணும்போது அஞ்சுகிறோம். உணவு மருந்துக்குத் துணை நிற்கும். அதன் இடத்தைப் பிடிக்காது.

மாற்றம் இயலாதது அன்று. ஏசியாட் காலனி மக்கள் ஆய்வின் முடிவை அறிந்தபின் வாளாவிருக்கவில்லை. தாமே நிதி திரட்டி நடைப்பயிற்சிக்கென ஒரு பூங்கா அமைத்தனர். வாரத்தில் மூன்று நாள்களுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 விழுக்காட்டிலிருந்து, ஏழு ஆண்டுகளில் 58.7 விழுக்காடாக உயர்ந்தனர். அறிவுரையைவிட அண்டை வீட்டாரின் எடுத்துக்காட்டு அவர்களை நடக்க வைத்திருக்கும் என எண்ணுகிறோம்.

பூங்கா அமைக்க இடமில்லாத பாரதி நகர்கள் இந்நகரில் பல உண்டு. அங்கே வாழும் நம் சகோதரர்களின் உடல்நலமும் நம் அக்கறைக்கு உரியதே. அன்பியக் கூட்டங்களில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டலும், காப்பிக்குப் பதில் உப்புக் குறைத்த நீர்மோரும் பரிமாறப்படட்டும். ஆண்டுக்கொரு முறை பங்கு வளாகத்தில் இரத்தப் பரிசோதனை நடைபெறட்டும். விருந்தினர் நெடுநாள் வாழ வேண்டும் என்று விரும்புவதும் விருந்தோம்பல்தானே!