தகட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி

போர்ஷே 944 டர்போ 1985-இல் வந்தபோது, அதன் நான்கு சக்கரங்களிலும் பிரெம்போ நிறுவனத்தின் அலுமினியப் பிரேக் கேலிப்பர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு பிஸ்டன். அலுமினியம் எடை குறைவு, சூட்டையும் சீக்கிரம் விடும். அதன் எதிரி உப்பு. பிரிட்டனில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அதனால் இந்தக் கார்களின் கேலிப்பர் அங்குள்ள பட்டறைகளுக்குத் தீராத வேலை.

பிரேக் பேட் உரசி நகரும் இடத்தில் அலுமினியம் தேயாமலிருக்க, மெல்லிய எவர்சில்வர் தகடுகளை ஸ்க்ரூ போட்டுப் பொருத்தியிருக்கும். தகட்டுக்கு அடியில் உப்புநீர் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். அது தகட்டை மேலே தள்ளுகிறது. பேட் நகர இடமில்லாமல் இறுகி, பெடலை விட்ட பிறகும் டிஸ்க்கை விடாது. சக்கரம் கொதிக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். உரிமையாளர் பிஸ்டனைச் சந்தேகிப்பார். பல வண்டிகளில் பழி தகட்டின் மேல்தான்.

தகட்டைக் கழற்றுவதில்தான் கைத்திறன் தெரியும். ஸ்க்ரூக்கள் அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருக்கும். வேகப்பட்டால் தலை முறியும். பழகிய தொழிலாளி சுற்றியுள்ள உலோகத்தைச் சூடுகாட்டி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, பிறகே திருகுவார். அப்படியும் முறிந்தால் துளையிட்டு எடுத்து, மரை புதிதாக வெட்ட வேண்டும். பிறகு பொடியை வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டுவார்.

பிஸ்டன்களைக் கம்ப்ரசர் காற்றால் தள்ளி எடுப்பார்கள், நடுவில் மரக்கட்டை வைத்து. 6 பார் அழுத்தத்தில் 4 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டன் சுமார் 75 கிலோ விசையோடு பாயும். அங்கே விரல் இருக்கக் கூடாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், பிரேக் அழுத்தும்போது சற்று முறுகி, விட்டதும் பிஸ்டனைத் தன்னோடு பின்னிழுக்கிறது. அதனால் சீல் உட்காரும் பள்ளத்தில் பொடி மிஞ்சக் கூடாது. புதுச் சீலுக்குப் பிரேக் ஆயில் அல்லது அதற்கென உள்ள சிவப்பு கிரீஸ் மட்டுமே. சாதாரண கிரீஸ், பெட்ரோல் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

வண்ணம் சீல் போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பவுடர் கோட்டிங் சுமார் 200 டிகிரி சூட்டில் வேகிறது, ரப்பர் அதைத் தாங்காது. சிலிண்டர்கள், போல்ட் உட்காரும் முகங்கள், தகடு அமரும் இடங்கள் மூன்றையும் மறைத்துவிட்டே அடிக்க வேண்டும். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் அது நசுங்கிப் போல்ட் தளரும். தகட்டுக்கு அடியில் தடித்த பூச்சு இருந்தால், சுரண்டி எடுத்த வெள்ளைப் பொடியின் வேலையை அதுவே செய்யும். அழகுக்காக அவசரப்பட்டவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். நிறம் அவரவர் விருப்பம். ஆனால் போர்ஷேயில் மஞ்சள், 2000-களின் தொடக்கத்திலிருந்து செராமிக் டிஸ்க்குக்கு உரியது. இரும்பு டிஸ்க் வண்டிக்கு அதை அடித்தால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

மாட்டிய பிறகு புதுப் பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவார்கள். சிந்தும் ஆயிலை உடனே தண்ணீர்விட்டுக் கழுவாவிட்டால் சாதாரண பெயின்ட் உரிந்துவிடும். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும்; ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155. ஆகவே கேலிப்பர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.