தானாக எழும்பும் பெட்டி

2022 மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. டீசல் வாங்க டொலர் இல்லை. நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைவு. அந்நாட்களில்தான் எங்களூரிலுள்ள சிறியதொரு மருத்துவ நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நீரிழிவும் பிரஷரும் உள்ள முதியவர்களின் பதிவுகள் அத்தனையும் அங்கு ஒரு லினக்ஸ் சேர்வரில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருந்தன.

மின்சாரம் வந்ததும் சேர்வர் தானாக இயங்கத் தொடங்கும். பயோஸில் அப்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். விசிறி சுழலும், பச்சை விளக்கு எரியும். பதிவேடு மட்டும் திறக்காது. மருந்து கொடுக்கும் நானா தொலைபேசியில் சொல்வார்:

"கரண்ட் வந்து அர மணித்தியாலம் தம்பி. எல்லாம் எழும்பிட்டு, ஒங்கட பொட்டி மட்டும் எழும்பல்ல. உம்மாமார் காத்துக்கிட்டு இரிக்காங்க."

அடுத்த வெட்டுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலந்தான் இருக்கும். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பது பல உம்மாமாருக்கு நினைவில்லை.

குறை சிறியது. லினக்ஸில் சிஸ்டம்டி என்ற நிருவாகிக்கு இரண்டு வெவ்வேறு கட்டளைகள் உண்டு. 'ஸ்டார்ட்' என்றால் இப்போது இயங்கு. 'எனேபிள்' என்றால் கணினி எழும்பும் ஒவ்வொரு முறையும் இயங்கு. ஒன்றைச் சொன்னால் மற்றது நடந்துவிடாது. டெபியன், உபுண்டு வகைகளில் போஸ்ட்கிரெஸை நிறுவும்போதே இரண்டும் நடந்துவிடும்; ரெட் ஹாட் வகையில் அதை நாமே சொல்ல வேண்டும். இங்கிருந்தது இரண்டாவது வகை. நிறுவியவர்கள் அன்று கையால் இயக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நெடுநேர வெட்டுகள் இல்லாத காலத்தில் யூபிஎஸ் அந்தக் குறையை மறைத்துக்கொண்டிருந்தது.

எனேபிள் செய்தேன். அதோடு முடியவில்லை. மருத்துவ நிலையத்தின் மென்பொருள் தரவுத்தளத்தை முந்திக்கொண்டு எழும்பி, கதவு பூட்டியிருப்பதாக எண்ணித் திரும்பிவிடும். தரவுத்தளத்துக்குப் பிறகுதான் நீ எழும்ப வேண்டும், விழுந்தால் மீண்டும் முயல வேண்டும் என்று அதன் கோப்பில் எழுதி வைத்தேன். திடீரென மின்சாரம் போனாலும், உறுதிசெய்து எழுதிய பதிவுகளைப் போஸ்ட்கிரெஸ் தன் முன்னெழுத்துப் பதிவிலிருந்து மீட்டுக்கொள்ளும். அதற்குச் சற்று நேரம் எடுக்கும். அந்நேரம் பதறிக் கோப்புகளை அழிக்கக் கூடாது என்று நானாவிடம் சொல்லி வைத்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்காக நிலையம் மூடியிருந்த வேளையில், சேர்வரை நிறுத்தி எழுப்பிப் பார்க்கக் கேட்டேன். உரிமையாளர் விரும்பவில்லை.

"ஓடுற மெஷின ஏன் நிப்பாட்டுற?"

"நாம பக்கத்துல நிக்கக்குள்ள விழட்டும் ஹாஜியார்" என்றேன்.

இரண்டு முறை நிறுத்தினோம். இரண்டு முறையும், யாரும் தொடாமலே, பதிவேடு திறந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனதாக அமைச்சர் கூறினார். அன்று மருத்துவ நிலையத்தில் யாருமில்லை. திங்கட்கிழமை காலை நானாவின் அழைப்பை எதிர்பார்த்திருந்தேன், வரவில்லை. மாலையில் நானே எடுத்துக் கேட்டபோது, "என்ன விசயம் தம்பி?" என்று அவர் என்னைக் கேட்டார்.

பள்ளிவாசல் கணக்கு, பாடசாலைப் பதிவு, வாசிகசாலைப் பட்டியல் என்று உங்களூரிலும் இப்படியொரு பெட்டி இருக்கலாம். ஆறுதலான ஒரு நாளில் அதை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.