மூன்று ஸ்பூன் சர்க்கரையும் ஒரு தட்டு குஷ்காவும்

"தெருவில் நின்று சாப்பிட்டால் வயிறு உருப்படுமா?" - முப்பது வருஷமாக என் பிள்ளைகளிடம் நான் பாடி வந்த பாட்டு இது. கண்டாச்சிபுரத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினால்கூடத் தூக்கில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகிறவள் நான். அப்படிப்பட்ட என்னை ஒரு தள்ளுவண்டிக் கடை தலை குனிய வைத்துவிட்டது, சகோதரிகளே!

சென்னையில் வாழ்க்கைப்பட்ட என் மகளுக்குத் தலைப்பிரசவம். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஜாதிக் கட்டுப்பாட்டாலும் பர்தா வழக்கத்தாலும் பொது ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் தவித்த பெண்களுக்காக, டாக்டர் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முயன்று 1885-ல் தொடங்கியது அது. இப்போது கஸ்தூரிபா காந்தி பெயரைத் தாங்கி நிற்கிறது.

காலையிலேயே மகளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை மருந்துச் சீட்டோடு ஓடிக்கொண்டிருந்தார். நான் வெளியே உட்கார்ந்து தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்; சாப்பிடத்தான் மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை. 'குழந்தை பிறந்த சேதி வரட்டும், அப்புறம் சாப்பிடலாம்' என்று ஒரு வைராக்கியம்!

மணி ஒன்றரை இருக்கும். கை லேசாக நடுங்கியது. முதுகெல்லாம் வேர்வை. காற்றாட நடக்கலாம் என்று வெளியே வந்தேன். சந்து முனையில் ஒரு தள்ளுவண்டி. பெரிய தேக்சாவிலிருந்து ஆவி பறந்தது. ஆட்டோக்காரர்களும், துப்புரவு வேலை செய்யும் பெண்களும் தட்டேந்தி நின்றார்கள். வண்டி நெற்றியில் '786', கீழே 'ஹலால்' என்று எழுதியிருந்தது.

நான் நின்றுவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், தெருக்கடை என்பதற்காக மட்டும் நிற்கவில்லை. "அவங்க கைச் சோறு நமக்கு ஆகாதுடி" என்று என் மாமியார் சொல்வார். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்தச் சொல் மட்டும் எனக்குள் குடியிருந்திருக்கிறது!

அதற்குள் கண் இருண்டது. வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, சர்க்கரை இருக்கா உனக்கு?" - முக்காடு போட்ட ஒரு அம்மாள் ஓடிவந்து என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். என் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கிக் குடிக்க வைத்தார். "எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தாம்மா. வேர்த்தாலே எனக்குத் தெரிஞ்சுடும். கொஞ்ச நேரம் சும்மா இரு."

கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. பிறகுதான் தட்டை நீட்டினார். அளவாகக் குஷ்கா, ஒரு முட்டை, தால்சா, நிறைய வெங்காயத் தயிர். "சோத்தைக் குறைச்சு, தயிரை ஜாஸ்தி வெச்சிருக்கேன்" என்றார்.

சாப்பிட்டேன். சீரகச் சம்பா வாசனையும் பட்டை கிராம்பும்... அன்றைய பசிக்கு அது அமிர்தம்தான்!

"ஹலால்னா என்ன பாய்?" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கரண்டி பிடித்திருந்த பெரியவர் சிரித்தார். "அனுமதிக்கப்பட்டதுன்னு அர்த்தம்மா. ஆண்டவன் பேரைச் சொல்லி அறுத்து, ரத்தம் வடியவிடணும். ஆனா கறியோட முடியறதில்லே. அளவைக் குறைச்சு ஏமாத்தினா, கறி ஹலாலா இருந்தும் காசு ஹலால் இல்லே."

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் சொன்னது நினைவுக்கு வந்தது. நியூயார்க்கில் 1990-ல் ஒரு வண்டியில் எகிப்துக்காரர்கள் சிலர் கடை போட்டார்களாம். மதியச் சாப்பாட்டுக்கு ஹலால் உணவு தேடிய முஸ்லிம் டாக்ஸி டிரைவர்களுக்காகக் கோழிக்கறியும் சோறும் போட ஆரம்பித்து, பெரிய நிறுவனமாகவே வளர்ந்துவிட்டார்களாம். வேலைக்கு நடுவே வயிற்றுக்குத் தேடுகிறவர்களை நம்பித்தான் எங்கேயும் வண்டிக்கடை நடக்கிறது போலும்.

காசு கொடுத்தபோது அந்த அம்மாள் மீதியை எண்ணித் தந்தார். "சர்க்கரைத் தண்ணிக்கு?" என்றேன்.

"சோத்துக்குத்தாம்மா காசு. மயக்கத்துக்கு யாராவது காசு வாங்குவாங்களா?"

சாயங்காலம் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம்.

சர்க்கரை உள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இன்சுலினோ, சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை சாப்பிடுங்கள். 15 நிமிஷம் கழித்தும் சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வெளியே கிளம்பும்போது கைப்பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

வண்டிக்கடையில் சாப்பிட நேர்ந்தால் ஆவி பறக்கிறதா, மூடி வைக்கிறார்களா, தட்டு கழுவும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, காசு வாங்கிய கையாலேயே பரிமாறுகிறார்களா என்று பாருங்கள். சமைத்த சாப்பாட்டின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெகு நேரம் கிடந்தால் கிருமி பெருகும். பார்க்க வேண்டியது இவற்றைத்தான். நான் பார்த்துத் தயங்கியது வேறு எதையோ!

மகளை அழைத்துப்போக வந்தபோது, ஊரிலிருந்து ஒரு பை மல்லாட்டை வேகவைத்து எடுத்து வந்தேன். நேரே அந்தச் சந்து முனைக்குப் போனேன். அந்த அம்மாள் பையைப் பிரித்து, அங்கேயே ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "உப்பு சரியா இருக்கும்மா" என்றார்.

என் கைப்பண்டத்தை வாங்க அவர் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை.