கொடி இறக்குதல்

டொராண்டோ வீட்டின் வடக்குப் பக்கம் வெயிலே விழாது. அங்கே மூன்று வருடம் முன்பு கோரல் பெல்ஸ் நட்டேன். பூவைவிட இலைக்காக வளர்க்கிற செடி. இந்த வசந்தத்தில் பார்த்தால், அடித்தண்டு மண்ணைவிட்டு மேலே வந்திருந்தது. குளிரில் மண் உறைந்து உறைந்து இளகும்போது இப்படித் தூக்கிவிடும். தோண்டியெடுத்து, தண்டு மறைய ஆழமாக நட்டால் புது வேர் விடும்.

மண்ணைத் தள்ளும்போதுதான் இது தெரிந்த வேலையாச்சே என்று பட்டது. ஜெயமங்கலத்தில் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலும் நிழல் தோட்டம்தான். முதலில் அகத்தி வளர்ப்பார்கள். அதைப் பற்றிக்கொண்டு, அதன் நிழலில் கொடி ஏறும். வருசத்துக்கு ஒருமுறை, கொடி கைக்கு எட்டாத உயரம் போனதும் அப்பா இறக்குவார். இலை பறித்த வெறுந்தண்டைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் மறுபடி அகத்தியில் வாழைநாரால் கட்டுவார். நார் எடுத்துக் கொடுப்பது என் வேலை. "பழசு மண்ணுக்குள்ள போனாத்தான்டா புதுசு துளிர்க்கும்" என்பார்.

அன்றிரவு போன் செய்தேன்.

"கொடி இறக்கியாச்சாப்பா?"

"இந்த வருசம் இல்லய்யா. குனிய முடியல. ஆளும் கெடைக்கல."

"அப்போ கொடிக்கா?"

"அகத்தி நிக்கிதுல்ல. ஆட்டுக்குத் தழையாகும்."

மூன்று அலங்காரச் செடிக்காக அரைநாள் குனிந்து எழுந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை.